ஸ்கோப் டரட்டின் ஒரு கிளிக் உண்மையில் எவ்வளவு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைக்குப் புதுத் தராசு வந்தால், எடை தெரிந்த கல்லை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வெள்ளியை வைப்பார்கள். ரைபிள் ஸ்கோப் (குறி பார்க்க ரைபிள் மேல் மாட்டும் தொலைநோக்கி) விஷயத்தில் மட்டும் டரட் மேல் பொறித்திருப்பதை நாம் அப்படியே நம்பிவிடுகிறோம். நானும் நம்பினேன், அசடு வழிந்தேன். அந்தக் கதை கீழே வருகிறது.

கன்னங்குறிச்சியில் வீடு, ஏர் ரைபிள் பழக்கம் பல வருடமாக. "அண்ணா, கிளிக் கணக்கு ஒத்து வரவே மாட்டேங்குது" என்று கேட்கும் தம்பிகளுக்கு ஒவ்வொரு முறையும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில், மொத்தமாக எழுதி வைத்திருக்கிறேன்.

டரட், கிளிக் என்றால் என்ன?

ஸ்கோப்பின் மேலேயும் பக்கத்திலும் இருக்கும் திருகுக் குமிழ்கள்தான் டரட். மேலே இருப்பது ஏற்ற இறக்கத்துக்கு, அதாவது எலிவேஷன். பக்கத்தில் இருப்பது இட வலத்துக்கு, விண்டேஜ். திருப்பும்போது "டிக் டிக்" என்று ஒவ்வொரு படியாக நகரும். அந்த ஒரு படி ஒரு கிளிக். ஒரு கிளிக் என்பது ஒரு கோண அளவு, நீள அளவு இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

மில், எம்.ஓ.ஏ., அங்குலம்: இவற்றில் எது என் ஸ்கோப்பில் இருக்கிறது?

மில் என்பது தூரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 100 மீட்டரில் 1 மில் என்றால் 10 சென்டிமீட்டர். பெரும்பாலான மில் ஸ்கோப்புகளில் ஒரு கிளிக் 0.1 மில், 100 மீட்டரில் 1 செ.மீ., 25 மீட்டரில் 2.5 மி.மீ. நம் ஊரில் எல்லாரும் மீட்டரில் அளப்பதால் இதுதான் தலைவலி இல்லாத கணக்கு.

எம்.ஓ.ஏ. என்பது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு. 100 மீட்டரில் 29.09 மி.மீ. வழக்கமாக ஒரு கிளிக் கால் எம்.ஓ.ஏ. இருக்கும், 100 மீட்டரில் 7.27 மி.மீ.

மூன்றாவது ஒன்று இருக்கிறது, அதுதான் ஆளைக் கவிழ்ப்பது. 100 கஜத்துக்கு ஒரு அங்குலம். அசல் எம்.ஓ.ஏ. 100 கஜத்தில் 1.047 அங்குலம். "ஏறக்குறைய ஒரு அங்குலம்தானே" என்று வாய்வழக்கில் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள். சில ஸ்கோப் செய்கிறவர்கள் நிஜமாகவே ஒரு அங்குலத்துக்குத்தான் திருகை வெட்டுகிறார்கள். இரண்டுக்கும் நடுவே நாலரை சதவீத வித்தியாசம்.

இங்கேதான் என் கதை. ஒரு ஸ்கோப் வாங்கி 25 மீட்டரில் வைத்து 30 எம்.ஓ.ஏ. திருப்பினேன். 218 மி.மீ. நகர வேண்டும். 208 தான் நகர்ந்தது. மூன்று தடவை பார்த்தும் அதே 208. விற்ற கடைக்குப் போன் போட்டு, டரட் திருகு சரியில்லை, மாற்றிக் கொடுங்கள் என்று காட்டமாகப் பேசிவிட்டேன். கடைக்காரர் பொறுமையாக, "டரட் மூடியைக் கழற்றி உள்ளே என்ன எழுதியிருக்குன்னு படிங்க சார்" என்றார். படித்தேன். ஒரு கிளிக், கால் அங்குலம், 100 கஜம் என்று இருந்தது. அந்தக் கணக்குப்படி 25 மீட்டரில் 208.3 மி.மீ. வர வேண்டும். ஸ்கோப் சொன்ன வாக்கைக் காப்பாற்றியிருக்கிறது. நான்தான் படிக்காமல் எம்.ஓ.ஏ. என்று எடுத்துக்கொண்டேன்.

ஆகவே சோதனைக்கு முன்னால் மூடியைக் கழற்றிப் படியுங்கள். பெட்டியில் ஒன்று, மேனுவலில் ஒன்று, டரட்டில் ஒன்று என்று மூன்று விதமாக எழுதியிருந்தாலும் ஆச்சரியப்படாதீர்கள். அளந்து பார்த்தால் எது உண்மை என்று தெரிந்துவிடும்.

எழுதியிருப்பதற்கும் நிஜத்துக்கும் வித்தியாசம் எப்படி வருகிறது?

டரட்டுக்கு அடியில் ஒரு திருகு. அந்தத் திருகு ஸ்கோப்புக்குள் இருக்கும் சின்னக் குழாயை அழுத்துகிறது. எதிர்ப்பக்கம் ஒரு ஸ்பிரிங் அந்தக் குழாயைத் திருகோடு ஒட்டி வைக்கிறது. குழாய் நகர்ந்தால் பார்வைக்கோடு திரும்புகிறது. அவ்வளவுதான் ஏற்பாடு.

எவ்வளவு நகர வேண்டும் தெரியுமா? முன் லென்ஸின் குவியத் தூரம் 200 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், 0.1 மில்லுக்கு ரெட்டிகிள் (ஸ்கோப்புக்குள் தெரியும் குறுக்குக்கோடு) இருக்கும் இடத்தில் 0.02 மி.மீ. நகர்வு. லேத் பட்டறையில் வேலை பார்த்தவர்களுக்குச் சட்டென்று புரியும்: மைக்ரோமீட்டரில் இரண்டே கோடு. அந்தத் திருகின் புரி சீராக இல்லையென்றாலோ, லென்ஸின் குவியத் தூரம் இரண்டு சதவீதம் தள்ளி இருந்தாலோ, கிளிக்கின் அளவும் அதே விகிதத்தில் தள்ளிப்போகும். குவியத் தூரத்தால் வரும் பிழை எல்லாக் கிளிக்கிலும் ஒரே மாதிரி இருக்கும். புரி, ஸ்பிரிங் பிழைகள் ஒரு இடத்தில் இருக்கும், இன்னொரு இடத்தில் இருக்காது. முதல் வகையோடு குடித்தனம் நடத்தலாம். இரண்டாவது வகையோடு முடியாது.

உண்மையைச் சொல்லுங்கள், ஏர் ரைபிளுக்கு இதெல்லாம் தேவையா?

நியாயமான கேள்வி. 25 மீட்டரில் ஸீரோ வைத்த, அதாவது குறி பார்த்த இடத்திலேயே குண்டு விழும்படி சரிசெய்த, .177 ஏர் ரைபிளுக்கு 50 மீட்டர் போக, பெல்லட் (ஏர் ரைபிள் குண்டு) வேகத்தைப் பொறுத்து, இரண்டு மில் சுமார் ஏற்ற வேண்டியிருக்கும். நாலு சதவீதப் பிழை என்றால் 0.08 மில், 50 மீட்டரில் 4 மி.மீ. பெல்லட்டின் பருமனே 4.5 மி.மீ. ஆக, ஒரு கிளிக் அளவு கூட இல்லாத விஷயம்.

திருப்பும் அளவு கூடக் கூடத்தான் பிழை வளரும். .308 போன்ற பெரிய துப்பாக்கியில் 100 கஜ ஸீரோவிலிருந்து 1000 கஜத்துக்குப் பத்து மில் அளவுக்கு ஏற்ற வேண்டும். அங்கே நாலு சதவீதம் என்றால் 0.4 மில், அதாவது 36 செ.மீ.க்கு மேல். இந்தச் சோதனையை உலகம் முழுக்கப் பிரபலமாக்கியது அந்த நெடுந்தூரக்காரர்கள்தான்.

அப்படியானால் நமக்கு எதற்கு? இரண்டு காரணம். ஒன்று, மலிவு ஸ்கோப்புகளில் பிழை நாலு சதவீதத்தோடு நிற்பதில்லை. சிலது பத்துத் திருப்பினால் எட்டுதான் நகரும், சிலது திரும்பி வந்தால் பழைய இடத்துக்கு வராது. இரண்டு, "என் சுடுதல் சரியில்லையா, ஸ்கோப் சரியில்லையா" என்ற சந்தேகம். அந்தச் சந்தேகத்தோடு ஒரு வருடம் பெல்லட் டப்பாக்களைக் காலி செய்வதைவிட ஒரு காலைப்பொழுது செலவழிப்பது மேல்.

சுடாமலே சோதிக்க முடியுமா?

முடியும். என்னைக் கேட்டால் அதுதான் முதலில் செய்ய வேண்டியது. ரைபிளே வேண்டாம். ஸ்கோப்பை ரிங்கோடு (அதை ரைபிளில் பிடித்து வைக்கும் வளையம்) கழற்றி எடுத்துக்கொள்ளுங்கள்.

அசையாத ஒரு பிடிமானம் வேண்டும். நான் செய்தது இது: ரிங் பொருந்தும் அளவில் ஒரு சின்ன ரயில் துண்டு (ரைபிள் மேல் ரிங் மாட்ட இருக்கும் பட்டை போன்றது) வாங்கி, லேத் பட்டறையில் கொடுத்து, ஒரு கனமான இரும்புப் பட்டையில் இரண்டு திருகு போட்டு மாட்டினேன். அந்தப் பட்டையை பெஞ்ச் வைஸில் இறுக்கிப் பிடித்தால் ஆயிற்று. வைஸ் ஒரு கனத்த மேஜையில் போல்ட் போட்டிருக்க வேண்டும். டரட்டைத் திருப்பும் கைவிசைக்கே ஸ்கோப் அசைந்துவிடும் என்பதுதான் இந்தச் சோதனையின் முதல் எதிரி. பிளாஸ்டிக் நாற்காலி மேல் மணல் மூட்டை வைத்துப் பார்த்தேன் என்று ஒரு தம்பி வந்தார். அவர் அளந்தது நாற்காலியைத்தான்.

எதிரே 25 மீட்டரில் ஒரு சுவர். கொத்தனாரிடம் இருக்கும் தூக்குக் குண்டைக் கட்டி நூலைத் தொங்கவிடுங்கள். நூலை ஒட்டி வெள்ளை அட்டையில் ஒரு செங்குத்துக் கோடு. அதில் 5 மி.மீ.க்கு ஒரு கோடாக, கறுப்பு ஸ்கெட்ச் பேனாவில் அழுத்தமாக, 30 செ.மீ. நீளத்துக்கு வரைந்துகொள்ளுங்கள். 50 மி.மீ.க்கு ஒரு முறை எண் போடுங்கள். ஸ்டீல் ஸ்கேலை வைத்து வரைய வேண்டும். பள்ளிக்கூடப் பிளாஸ்டிக் ஸ்கேலை நம்பாதீர்கள். வெறும் டேப்பையே தொங்கவிடலாம்தான், ஆனால் பத்து மடங்கு உருப்பெருக்கத்தில் 25 மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் கோடுகள் மங்கலாகத்தான் தெரியும். கண் வலிக்கும்.

இனி ஸ்கோப்பை நேராக்க வேண்டும். ரெட்டிகிளின் செங்குத்துக் கோடு தூக்குக் குண்டு நூலோடு ஒன்றிப்போகும்வரை ஸ்கோப்பை ரிங்குக்குள் சுழற்றி, பிறகு ரிங்கை இறுக்குங்கள். இறுக்கும்போது கொஞ்சம் சுழன்றுவிடும், மறுபடி பாருங்கள்.

டரட்டை அதன் மொத்த ஓட்டத்தின் நடுவுக்குக் கொண்டுவாருங்கள். பட்டையை வைஸில் அசைத்து, குறுக்குக்கோடு அட்டையின் மேல்நுனிக் கோட்டில் உட்காரும்படி வையுங்கள். அதுதான் பூஜ்யம். பிறகு 2 மில், 4, 6, 8, 10 என்று திருப்பி, ஒவ்வொன்றுக்கும் குறுக்குக்கோடு எங்கே நிற்கிறது என்று நோட்டில் எழுதுங்கள். அப்புறம் அதே வழியில் 8, 6, 4, 2, பூஜ்யம் என்று திரும்பி வாருங்கள். இப்படி மூன்று சுற்று. கிளிக் சத்தத்தை எண்ணாதீர்கள், டரட்டில் பொறித்த எண்ணைப் பாருங்கள். நாற்பதுவரை எண்ணும்போது கட்டாயம் ஒன்று விட்டுப்போகும்.

மேலே ஏற்றத் திருப்பினால் குறுக்குக்கோடு கீழே போகிறதே, பழுதா?

பழுது இல்லை. "மேலே" என்று பொறித்திருப்பது குண்டு விழும் இடத்துக்கு. குறுக்குக்கோடு கீழே போனால்தான், அதைக் குறிக்கு உயர்த்தும்போது பேரல் மேலே தூக்கும். ஸ்கோப் அசையாமல் இருக்கும்போது கோடு கீழே போவதுதான் சரி. அதனால்தான் அட்டையின் மேல்நுனியில் ஆரம்பிக்கச் சொன்னேன்.

25 மீட்டரை எங்கிருந்து எங்கே அளப்பது?

இதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். தூரத்தில் ஒரு சதவீதம் பிழை என்றால் விடையிலும் ஒரு சதவீதம் பிழை. 25 மீட்டரில் ஒரு சதவீதம் என்பது 25 செ.மீ.; ஸ்கோப்பின் நீளமே அதற்கு மேல் இருக்கும். வைஸ் சோதனையில் ஸ்கோப்பின் முன் லென்ஸிலிருந்து அட்டைவரை அளக்க வேண்டும், கண் வைக்கும் பக்கத்திலிருந்து இல்லை.

காலடி அளவு வேண்டவே வேண்டாம். லேசர் மீட்டர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் 30 மீட்டர் ஸ்டீல் டேப். துணி மாதிரி இருக்கும் ஃபைபர் டேப் இழுத்தால் நீளும். "சேலத்து வெயிலில் ஸ்டீல் டேப்பும் நீளுமே" என்று ஒருவர் மடக்கினார். நீளும்தான், 15 டிகிரி கூடினால் 30 மீட்டருக்கு ஐந்து மி.மீ. அதை விட்டுவிடலாம்.

அப்புறம், ரேஞ்சில் "25" என்று போர்டு இருந்தால் அது மீட்டரா கஜமா என்று கேளுங்கள். 25 கஜம் 22.86 மீட்டர்தான். அங்கே 10 மில் 228.6 மி.மீ. தான் காட்டும். "ஸ்கோப் எட்டரை சதவீதம் பொய் சொல்கிறது" என்று யாராவது வந்தால் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

இதைச் செய்ய சேலத்தில் இடம் எங்கே?

நீளமான மொட்டை மாடி, கல்யாண மண்டபத்தின் காலி ஹால், நூல் கோடவுன், எதுவானாலும் 26 மீட்டர் நேராகக் கிடைத்தால் போதும். கூரைக்கு உள்ளே கிடைத்தால் உத்தமம். வெளியே என்றால் காலை எட்டு மணிக்குள் முடியுங்கள். சேலத்தில் பத்து மணிக்கு மேல் சிமெண்ட் தரை காய ஆரம்பித்தால் கானல் அலை எழும். கோடுகள் தண்ணீருக்குள் இருப்பது போல நெளியும். நெளியும் கோட்டில் ஒரு மில்லிமீட்டரைப் படிக்க முடியாது.

எங்கள் தெருவில் வீட்டு வாசலில் வைத்து ஒரு முறை செய்தேன். பத்து நிமிடத்தில் எதிர்வீட்டு அம்மா வந்து, "சர்வேக்காரங்களா தம்பி, ரோடு அகலமாக்கப் போறீங்களா, எங்க வாசப்படி போயிருமா?" என்று கேட்டார். அதோடு மாடிக்குப் போய்விட்டேன்.

நான் செய்ததிலேயே வசதியான இடம் ஏற்காட்டில் சொந்தக்காரர் தோட்டத்துக் காபிக் களம். காபி காயவைக்கும் சிமெண்ட் களம், நீளமாக, மட்டமாக, அறுவடை இல்லாத மாதங்களில் காலியாகக் கிடக்கும். காலைக் குளிரில் கானலே இல்லை. பனிமூட்டம் இறங்கினால் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

களத்தை விட்டுச் சரிவில் செய்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அட்டை தாழ்வாக இருந்து நீங்கள் மேட்டிலிருந்து பார்த்தால், செங்குத்தாகத் தொங்கும் அட்டை உங்கள் பார்வைக்குச் சாய்ந்து நிற்கிறது. 5 டிகிரி சரிவுக்கு 0.4 சதவீதம், 10 டிகிரிக்கு 1.5 சதவீதம் கூடுதலாகக் காட்டும். சேர்வராயன் மலையில் 10 டிகிரி என்பது சமவெளி மாதிரி. ஆகவே மட்டமான இடம் தேடுங்கள்.

சேலத்தில் அளந்த கிளிக் ஏற்காட்டில் மாறுமா?

மாறாது. அது கோணம், உயரம் அதை ஒன்றும் செய்யாது. மாறுவது பெல்லட்டின் பாதை. ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து 1500 மீட்டர் சுமார். சேலம் 300 மீட்டருக்கும் குறைவு. மேலே காற்று ஏறக்குறைய பத்து சதவீதம் லேசு. பெல்லட் வேகம் இழப்பது குறையும், சரிவும் கொஞ்சம் குறையும். இரண்டையும் குழப்பிக்கொண்டு, "இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினதில் ஸ்கோப் ஆடிப்போச்சு" என்று சொல்கிறவர்கள் உண்டு.

பேரலாக்ஸ் இதில் குறுக்கிடுமா?

ரொம்ப. கண் இடம் மாறினால் குறுக்குக்கோடும் குறி மேல் நகர்வது போலத் தெரிவதுதான் பேரலாக்ஸ். தலையைக் கொஞ்சம் அசைத்தால் குறுக்குக்கோடு அட்டை மேல் நகர்கிறதா? நகர்ந்தால் அளவு எடுக்காதீர்கள். முன்பக்க வளையமோ பக்கக் குமிழோ இருந்தால், நகர்வு நிற்கும்வரை அதைத் திருப்புங்கள். அதில் எழுதிய தூரத்தைப் பார்க்க வேண்டாம், கண்ணால் பார்த்துச் சரிசெய்யுங்கள். விலை குறைந்த ஸ்கோப்புகள் பலவற்றில் பேரலாக்ஸ் 100 கஜத்துக்கு நிலையாக வைக்கப்பட்டிருக்கும். 25 மீட்டரில் அவை ஆடும். அப்படிப்பட்டவற்றுக்குக் கறுப்பு அட்டையில் நடுவில் சின்னத் துளை போட்டு, கண் பக்க லென்ஸின் மேல் ஒட்டி, அதன் வழியாகப் பாருங்கள். கண் ஒரே இடத்தில் நிற்கும்.

எண்கள் வந்துவிட்டன. எப்படிப் படிப்பது?

ஒரு ஸ்கோப்பின் கணக்கு இப்படி வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2 மில்லுக்கு 49 மி.மீ., 4-க்கு 98, 6-க்கு 147.5, 8-க்கு 196, 10-க்கு 245.5. வர வேண்டியது 50, 100, 150, 200, 250. எல்லா இடத்திலும் ஒரே விகிதத்தில் குறைகிறது. 245.5-ஐ 250-ஆல் வகுத்தால் 0.982. இந்த ஸ்கோப்பில் ஒரு மில் என்பது 0.982 மில். ஒரு குறையும் இல்லை. இந்த எண்ணை டரட் மூடிக்குள் எழுதி ஒட்டிவிட்டு நிம்மதியாக இருங்கள்.

இன்னொரு ஸ்கோப்: 50, 100, 149, 191, 250. கடைசி எண் அச்சுப்போலச் சரி. பத்து மில்லை மட்டும் பார்த்தவர் "அருமையான ஸ்கோப்" என்பார். ஆனால் 8-ல் 9 மி.மீ. காணாமல் போய், பிறகு ஒரே தாவலில் திரும்பி வருகிறது. குழாய் எங்கோ சிக்கி நிற்கிறது, அல்லது ஸ்பிரிங் தள்ளவில்லை. இதற்குத் திருத்த எண் கிடையாது. இதற்காகத்தான் நடுவிலும் அளக்கச் சொல்கிறேன்.

ஏறும்போது ஒரு எண், இறங்கும்போது வேறு எண் வந்தால் அது புரியின் தொய்வு. ஒரு மி.மீ.க்குள் இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். எப்போதும் ஒரே திசையில் வந்து முடிப்பதைப் பழக்கமாக்குங்கள்: வேண்டிய எண்ணைத் தாண்டி இரண்டு கிளிக் போய், திருகு உள்ளே இறங்கி ஸ்பிரிங்கை அழுத்தும் திசையில் திரும்பி வந்து நிறுத்துங்கள்.

ஓட்டத்தின் கடைசி முனைகளில் எல்லா ஸ்கோப்பும் கொஞ்சம் தள்ளாடும். உள்ளே இருப்பது வட்டக் குழாய். எலிவேஷனை முழுக்க ஒரு பக்கம் தள்ளினால் விண்டேஜுக்கு இடமே இருக்காது.

0.982 என்பதை வைத்து என்ன செய்வது?

வேண்டிய அளவை அதனால் வகுக்க வேண்டும். 6 மில் வேண்டுமா? 6-ஐ 0.982-ஆல் வகுத்தால் 6.11. டரட்டில் 6.1 வையுங்கள். போனில் பாலிஸ்டிக் ஆப் (குண்டின் பாதையைக் கணக்கிடும் ஆப்) வைத்திருந்தால் இந்தத் திருத்தத்துக்கு ஒரு கட்டம் இருக்கும். 0.982 போடுவதா, அதன் தலைகீழான 1.018 போடுவதா என்ற குழப்பம் வரும். போட்டுப் பாருங்கள்: குறைவாக நகரும் ஸ்கோப்புக்கு ஆப் முன்பைவிடக் கூடுதலாகத் திருப்பச் சொல்ல வேண்டும். குறைத்துச் சொன்னால் தலைகீழாகப் போட்டிருக்கிறீர்கள்.

விண்டேஜையும் இப்படியே பார்க்க வேண்டுமா?

அட்டையைப் படுக்க வைத்து அதே வேலை. காற்றுக்கு ஒன்றிரண்டு மில்லுக்கு மேல் யாரும் திருப்புவதில்லை என்பதால், 4 மில் வரை பார்த்தால் தாராளம்.

அதைவிட முக்கியம், எலிவேஷனைத் திருப்பும்போது குறுக்குக்கோடு தூக்குக் குண்டு நூலை விட்டு விலகுகிறதா என்பது. 10 மில் இறங்குவதற்குள் நூலிலிருந்து 5 மி.மீ. விலகினால், ரெட்டிகிள் டரட்டின் அச்சுக்கு ஒரு டிகிரிக்கு மேல் கோணலாகப் பொருத்தப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். கடை ஸ்கோப்புகளில் இது சகஜம். அப்படி இருந்தால் ரைபிளில் மாட்டும்போது ரெட்டிகிளை நேராக வைக்காமல், நகர்வு நேராக இருக்கும்படி வையுங்கள். பார்க்கக் கொஞ்சம் கோணலாகத் தெரியும், மனசு கேட்காது. குண்டு நேராகப் போகும்.

ரெட்டிகிளில் இருக்கும் கோடுகளை வைத்தே டரட்டைச் சோதிக்கலாமே?

ஒரு பொய்யனுக்கு இன்னொரு பொய்யன் சாட்சியா? ரெட்டிகிளின் இடைவெளியும் தயாரிப்பில் தள்ளியிருக்கலாம். அதையும் அட்டையில் வைத்து அளந்துவிட்டு, பிறகு பயன்படுத்துங்கள். அதோடு, பின்குவியத் தளத்தில் ரெட்டிகிள் இருக்கும் ஸ்கோப்புகளில் (உருப்பெருக்கத்தை மாற்றினாலும் ரெட்டிகிள் அதே அளவில் தெரியும் வகை), குறிப்பிட்ட ஒரே உருப்பெருக்கத்தில்தான் அந்த இடைவெளி பொருந்தும். டரட்டுக்கு அந்தச் சிக்கல் இல்லை. எந்த உருப்பெருக்கத்திலும் கிளிக் அதே கிளிக்தான்.

கடைசியில் சுட்டும் பார்க்க வேண்டாமா?

வேண்டும், ஆனால் வேறு காரணத்துக்காக. சுட்டு அளப்பது ஒரு சதவீதப் பிழையைக் கண்டுபிடிக்கச் சரியான வழி இல்லை. 25 மீட்டரில் பத்து பெல்லட்கள் 15 மி.மீ. பரப்பில் விழுந்தால், அந்தக் கூட்டத்தின் மையம் எது என்பதிலேயே ஒன்றிரண்டு மி.மீ. சந்தேகம் இருக்கும். வைஸில் அரை மி.மீ.வரை படிக்கலாம்.

சுட்டால்தான் தெரிவது, அதிர்ச்சியில் ஸ்கோப் நிலையாக இருக்கிறதா என்பது. முக்கியமாக ஸ்பிரிங் ஏர் ரைபிளில். பிஸ்டன் முன்னே பாயும்போது ரைபிள் பின்னே உதைக்கும். பிஸ்டன் சிலிண்டர் முனையில் போய் மோதும்போது ரைபிள் முன்னே இழுக்கும். பெரிய துப்பாக்கிக்காகச் செய்த ஸ்கோப், பின்பக்க உதையை மட்டும் எதிர்பார்த்திருக்கும். இந்த முன்னிழுப்பில் உள்ளே கழன்றுவிடும். ஆகவே ஸீரோவில் ஐந்து சுடுங்கள், 5 மில் ஏற்றி ஐந்து, மறுபடி ஸீரோவுக்கு வந்து ஐந்து. முதல் ஐந்தும் கடைசி ஐந்தும் ஒரே இடத்தில் விழ வேண்டும். விழாவிட்டால், ஸ்கோப்பைக் குறை சொல்லும் முன் ரிங், மவுண்ட் திருகுகளைப் பாருங்கள். பத்தில் எட்டுத் தடவை அதுதான் என்பது என் அனுபவம்.

இதை கிளப் ரேஞ்சில் செய்யுங்கள். .177-க்கு மேற்படாத, 20 ஜூலுக்கு மேற்படாத ஏர்கன்னுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்பதற்காகத் தோட்டத்திலும் ஏரிக்கரையிலும் சுடலாம் என்று அர்த்தம் இல்லை. சேர்வராயன் மலையில் காட்டெருமை நடமாடுகிறது, காபி பறிக்கும் ஆட்கள் புதருக்குள் இருப்பார்கள். மலைக்கு ஸ்கோப்பை மட்டும் கொண்டு போங்கள்.

10 மீட்டர் போட்டி ஏர் ரைபிளில் ஸ்கோப்பே கிடையாதே, எனக்கு இதில் ஏதாவது உண்டா?

உண்டு. உங்கள் பின் சைட்டும் திருகில்தான் ஓடுகிறது. கணக்கு இன்னும் எளிது. முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் நடுவே 800 மி.மீ. என்றால், பின் சைட் 0.1 மி.மீ. நகர்ந்தால் 10 மீட்டரில் 1.25 மி.மீ. மாறும். டயல் கேஜ் இருக்கும் பட்டறைக்குப் போய், சைட்டை 20 கிளிக் நகர்த்தி அளந்து, 20-ஆல் வகுத்தால் உங்கள் கிளிக் கிடைத்துவிடும். பத்து நிமிட வேலை.

எத்தனை நாளைக்கு ஒரு முறை சோதிக்க வேண்டும்?

கிளிக் அளவை ஒரு முறை ஒழுங்காக அளந்தால் போதும். லென்ஸும் புரியும் தானாக மாறாது. ஸ்கோப் கீழே விழுந்தால், பழுது பார்க்கப் போய் வந்தால், ஸீரோ காரணமில்லாமல் ஓட ஆரம்பித்தால் மறுபடி அளக்கலாம். அட்டையையும் இரும்புப் பட்டையையும் பத்திரமாக வையுங்கள். என்னுடையது இப்போது மூன்று பேரிடம் சுற்றிவிட்டு அம்மாப்பேட்டையில் இருக்கிறது. யார் வீட்டில் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.